மரியாதை மாரப்பனைக் கொன்றவன்

ஒருவழியாக மாமனாரைக் கொன்றே விட்டான் நவீன்குமார்.

காமிக்ஸில்தான். ஆனாலும் மனசுக்கு அத்தனை நிம்மதி.

கஞ்சிக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு கோயமுத்தூர் மாத இதழ் ஒன்றுக்குப் படக்கதை எழுதுகிறவன் அவன். கதாநாயகனை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. பேர் வாங்கியதெல்லாம் வில்லன் மரியாதை மாரப்பன்தான். கத்தியை உருவிக்கொண்டு வந்து, "கழுத்தைக் கொஞ்சம் இப்பிடிக் காட்டுங்க" என்பான். திட்டினாலும் 'ங்க' போடாமல் திட்ட மாட்டான்.

அந்த வாய், மாமனார் நஞ்சப்பனின் வாய்.

எலப்புள்ளியில் நெல் போடுகிற மனுஷன், ஞாயிறானால் பஸ் ஏறி வந்துவிடுவார். காபி வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ளே, நீங்க ஊட்டுல இருக்கறதும் ஒண்ணுதானுங்க, வரப்புல தண்ணி ஒழுகற நண்டு வளை இருக்கறதும் ஒண்ணுதானுங்க."

"உங்க மூஞ்சியப் பாத்தா, களத்துல காயற நெல்லுகூட நனைஞ்சு போகுமுங்க."

நவீன்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பான். அவர் கிளம்பியதும் ஒரு வார்த்தை விடாமல் மாரப்பன் வாயில் போட்டுவிடுவான். அவனால் முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்கு முந்தி அப்பா இப்பிடி இல்லீங்க," என்பாள் மனைவி தமிழ்ப்ரியா.

"அப்ப என்னையக் கண்டாத்தான் ஆகறதில்லைன்னு சொல்லு!"

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் முன்னாலேயே, "சொத்தக் கத்திரிக்காய்ல புழுவாச்சும் இருக்குமுங்க, உங்ககிட்ட அதுவும் இல்லீங்க" என்றுவிட்டார். அன்றைக்கே மாரப்பனை அணைக்கட்டின் மேலிருந்து உருட்டிவிட்டான் நவீன்குமார். 'பிணத்தைத் தெளிவாக வரையவும்' என்று ஓவியருக்குக் குறிப்பு வேறு. பிணத்தைக் காட்டாத வில்லன் அடுத்த இதழில் எழுந்து வந்துவிடுவான் என்பது அவன் தொழிலில் அறிந்த சங்கதி.

இதழ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் வந்தார். காபி குடித்தார். மழை வருமா என்று கேட்டார். ஒரு வார்த்தை வையவில்லை.

நவீன்குமாருக்கு என்னவோ போலிருந்தது.

"ஏனுங்க மாமா, உடம்பு செரியில்லீங்களா? இன்னைக்கு ஒண்ணும் சொல்லலீங்களே?"

"இனிச் சொல்லி என்னத்துக்குங்க மாப்ளே? அவரைத்தான் கொன்னுபோட்டீங்களே."

தூக்கிவாரிப் போட்டது. "நீங்க அதைப் படிக்கறதுண்டுங்களா?"

"மொத மாசத்துல இருந்துங்க. பேச்சைப் பாத்ததுமே நாந்தான்னு தெரிஞ்சு போச்சு."

வெட்கத்தில் அவனால் தலை நிமிர முடியவில்லை. பெரிய மனுஷனை இத்தனை நாள் ஊர் சிரிக்க வைத்திருக்கிறோமே என்று இருந்தது.

"மன்னிச்சுப்போடுங்க மாமா. கோவத்துல பண்ணிப்போட்டனுங்க."

"அது கெடக்குதுங்க. அவரைப் பொழைக்க வெக்க வழியில்லீங்களா?"

"பொணத்தைக் காட்டியாச்சுங்க மாமா."

நஞ்சப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஆரையும் வையத் தெரியாதுங்க. மொதல்ல ஏதோ வாய் தவறி வந்துபோச்சு. அதை நீங்க எழுதுனதும் ஊரே உங்களைப் பெருமையாப் பேசுச்சுங்க. அப்பறம் வாரம் பூராவும் வயல்ல நின்னு, உங்களுக்குன்னு யோசிச்சு யோசிச்சுக் கொண்டு வருவனுங்க. இந்த வாரத்துக்கும் ஒண்ணு வெச்சிருக்கறேன், நல்லா வந்திருக்குது... இனி அது ஆருக்குங்க மாப்ளே?"