நெற்றியில் எழுதிய பெயர்

"இந்த வருஷம் பல்லைக் கொஞ்சம் தூக்கலா வெச்சிருக்கேன் டாக்டர், உங்களுக்கு இருக்கிற மாதிரியே."

சர்க்கரை மண்டையோட்டை டாக்டர் அர்ரியாகாவின் மேஜையில் வைத்தேன். நெற்றியில் பச்சை நிறத்தில் அவர் பெயர்.

இது பத்தாவது மண்டையோடு. என் கல்லீரலில் பாதியை அவர் வெட்டியெடுத்ததிலிருந்து, ஒவ்வொரு வருஷமும் இறந்தவர்கள் திருநாளுக்கு முந்தின வாரம் ஸ்கேன் முடிவைக் கேட்க வருகிறேன். வெறுங்கையோடு வருவதில்லை.

இறந்தவர் பெயர் எழுதிப் படையலுக்கு வைப்பது வேறு. எங்கள் தொலூக்கா ஊரில் உயிரோடிருக்கிறவர் பெயரை மண்டையோட்டில் எழுதிக் கொடுத்தால் அது கேலி. சம்பந்திக்குக் கொடுப்போம், காதலிக்குக் கொடுப்போம், மேலதிகாரிக்குக்கூடக் கொடுப்போம். எப்போ கிளம்புறதா உத்தேசம் என்று கேட்போம். வாங்கியவர் தன் மண்டையைத் தானே கடித்துத் தின்பார்.

சந்தையில் எங்கள் கடை அதற்குப் பேர்போனது. அச்சில் சர்க்கரை ஊற்றுவது நான். நெற்றியில் வண்ணப் பாகால் பெயர் எழுதுவது என் புருஷன் நிகானோர். ஒரு நாளைக்கு இருநூறு பெயர். வாடிக்கையாளரிடம் வம்பளந்துகொண்டே எழுதுவார், கை துளி ஆடாது.

ஆனால் பத்து வருஷமாக எனக்கு ஒருவரும் மண்டையோடு தரவில்லை.

குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, அதையும் வெட்டிக்கொண்டவள் நான். அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு இருபது பேர்தான் பத்து வருஷம் தாண்டுவார்கள் என்பது சந்தைக்கே தெரியும். நிஜமாகவே கிளம்பிவிடக்கூடியவளிடம் போய் யார் அப்படிக் கேட்பார்கள்?

ஒரு தடவை வெட்கத்தை விட்டு நிகானோரிடமே எனக்கொன்று கேட்டேன். பாகு தீர்ந்துபோச்சு என்றார். அவர் காலடியில் ஒரு வாளி நிறைய இருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. தன் சர்க்கரைத் தாடையைக் கடித்து நிதானமாக மென்றார்.

"முடிவைச் சொல்லிட்டுத் தின்னுங்க டாக்டரே!"

வாய் நிறையச் சர்க்கரையோடு அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

உள்ளே ஒரு மண்டையோடு. நெற்றியில் சிவப்பு நிறத்தில், ஹெர்மிலா.

என் பெயர்.

"சுத்தமா இருக்கும்மா. இனிமே ஸ்கேன் வேண்டாம். மண்டையோட்டோட மட்டும் வாங்க. ஆமா, எப்போ கிளம்புறதா உத்தேசம்?"

மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அப்புறம்தான் எழுத்தைக் கவனித்தேன். கடைசி எழுத்துக்கு ஒரு வால். ஊரில் ஒரே ஒரு ஆள்தான் அப்படி வால் போடுவார்.

நேற்று மத்தியானம் இல்லாத வேலைக்கு நிகானோர் என்னைச் சர்க்கரை மண்டிக்கு விரட்டியது இதற்குத்தானா! டாக்டர் கடைக்கே வந்து அவரிடம் முடிவைச் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு இன்று காலை முகத்தைத் தொங்கப்போட்டு, தைரியமா போயிட்டு வா என்று வழியனுப்பியிருக்கிறார் மனுஷன். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன்.

என் மண்டையை வாயருகே கொண்டுபோனேன். கடிக்க முடியவில்லை.

இருநூறு பெயர் எழுதியும் ஆடாத கை, என் பெயரில் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுங்கியிருந்தது.