ஒண்ணாம் நம்பர் எரர்

“அண்ணே, மறுபடியும் ஒண்ணு வந்திருச்சு. கீழ வாங்க.”

போனில் வேல்விழி. லேபிள் செக்‌ஷனில் கம்ப்யூட்டர் பார்ப்பவள்.

ராஜ்கமல் மணியைப் பார்த்தான். சாப்பாட்டு நேரம். அந்தப் பனியன் கம்பெனிக்கு சைஸ் ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராம் அவன் எழுதியது. வேலை ஒழுங்காக முடிந்தால் கறுப்புத் திரையில் 0 வரும். எது கெட்டாலும் 1. தினமும் மதியம் 1 வந்தது. அவன் இரண்டு மாடி இறங்குவதற்குள் பிரிண்டர் தானாகவே ஓட ஆரம்பித்திருக்கும். இறங்கிய பாவத்துக்கு அங்கேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவான்.

அன்றும் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ஆத்தப்பன் தரையில் கேரியரைப் பிரித்து வைத்திருந்தார்.

“முதலாளி, வீட்டுலருந்து வேலை பாக்குறேன்னு கேட்டிருந்தேன்.”

“நானும் சொன்னனுங்களே? இந்த எரரு நிக்கட்டும், அப்பறம் ஊட்டுலயே உக்காந்து பாருங்க. எரரு வர்றப்ப ஆளு இல்லீன்னா சரக்கு எப்படிங்க போகும்?”

“எரருக்கு எரர் தனி நம்பர் போட்டுடுறேன். ஃபைல் இல்லைன்னா ரெண்டு. ஸ்டிக்கர் ரோல் தீந்தா மூணு. பிரிண்டர் ஒயர் கழண்டா நாலு. நம்பரைப் பாத்து இவங்களே சரி பண்ணிக்கலாம். என்னைக் கூப்பிடவே வேண்டாம்.”

வேல்விழி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி மோர் மிளகாயைப் பார்த்தார்.

“எதுக்குங்க வெட்டி வேலை? ஒண்ணே போதும். நம்ம புள்ளைகளுக்கு அத்தனை நம்பரு ஞாபகம் இருக்குங்களா?”

“எனக்கெல்லாம் இருக்காதுண்ணே,” என்றாள் வேல்விழி.

“கணக்குல தொண்ணூத்தெட்டுன்னு சொன்னே?”

“அது பள்ளிக்கூடத்துலண்ணே.”

ராஜ்கமல் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே நம்பர்களைப் போட்டான். பொத்தாம்பொதுவான அந்த 1-ஐ எடுத்தே விட்டான். எந்த நம்பர் வந்தாலும் மாடியில் தன் திரையிலும் தெரியும்படி செய்தான். இனி இறங்க வேண்டியதில்லை. நல்லூரில் தன் வீடு, சாத்திய கதவு. அது போதும்.

மதியம் போன் அடித்தது.

“அண்ணே, வந்திருச்சு.”

“என்ன நம்பர்?”

“அதே ஒண்ணுதான்.”

அவன் திரையில் 4 இருந்தது.

“நல்லாப் பாரு.”

“ஏண்ணே, எனக்குக் கண்ணு தெரியாதா? ஒண்ணேதான். சீக்கிரம் வாங்க.”

சத்தமில்லாமல் இறங்கினான். லேபிள் செக்‌ஷன் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பிரிண்டருக்குப் பின்னால் ஆத்தப்பன் மண்டியிட்டிருந்தார். கையில் பிடுங்கிய ஒயர்.

“தம்பி வர்றாப்லயா?”

“வருவாரு முதலாளி. மொதல்ல ஒயரை மாட்டுங்க.”

“ரசத்தைச் சூடு பண்ணு கண்ணு. அந்தத் தம்பி பொண்டாட்டி போய்ச் சேந்ததுலருந்து இங்க வந்து திங்கற இந்த ஒருவேளைதான் அவருக்குச் சோறு. ஊட்டுக்கு உட்டம்னா இதும் இல்லாமப் போயிரும்.”

ராஜ்கமல் வந்த வழியே மேலே ஏறினான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பிறகு எதையோ தட்டினான். இறங்கி வந்தபோது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தட்டுகள் போட்டிருந்தன.

“ஏனுங்க, இத்தனை நேரம்? எரரு என்னன்னு தெரிஞ்சுதுங்களா?” என்றார் ஆத்தப்பன். அவர் முழங்கால் நிறைய பனியன் பஞ்சுத் தூசி.

ராஜ்கமல் தட்டின் முன் உட்கார்ந்தான்.

“இல்லைங்க முதலாளி, இது நிக்கிற எரர் மாதிரித் தெரியலை. நம்பர் எல்லாத்தையும் எடுத்துட்டேன், பழையபடி எது நடந்தாலும் ஒண்ணுதான். ரசம் ஊத்து, வேல்விழி.”