இரண்டு மஞ்சள் கால்கள்

வரகுக்கோழி இந்தப் புல்வெளியில் இனி இல்லை என்று வனத்துறையினர் பறவைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். தினமும் பார்க்கிறேன் என்று காவலுக்கு இருக்கும் வன வாட்சர் மாசிலாமணி சொன்னதை யாரும் நம்பவில்லை. படம் வேண்டுமாம். அதற்காகப் புகைப்படக்காரி எஸ்தர் ஆறு நாளாகக் கூடாரத்துக்குள் கேமராவோடு குப்புறக் கிடந்தாள். முழங்கால் உயரப் புல்லிலிருந்து ஆண் பறவை சிறகு கரகரக்க ஒரு கணம் எம்பும். அவள் விரல் அழுத்துவதற்குள் விழுந்துவிடும். இரண்டாயிரம் படம், அத்தனையும் வெறும் புல்.

ஏழாம் நாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கரகரப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பதினேழு மூச்சு. எண்ணி அழுத்தினாள்.

"பறவை எங்கம்மா?" என்றார் மாசிலாமணி, திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு. படத்தின் மேல் விளிம்பில் இரண்டு மஞ்சள் கால்கள் தொங்கின.

"மிச்சம் மேல போயிடுச்சுண்ணே."

"அதோட காலேதான்! எனக்குத் தெரியாதா!"

தொப்பியை வீசிவிட்டு, பறவைக்கு எதிர்ப்பக்கமாகப் புல்லுக்குள் ஓடினார் அந்த ஐம்பத்தெட்டு வயது மனிதர். ஓடியவர் எம்பினார். காக்கிச் சட்டையும் விரித்த கைகளும் வெறுங்கால்களும் புல்லுக்கு மேலே.

இந்த முறை அவள் விரல் பிந்தவில்லை.