உள்ளபடியே ஒரு தெரு

"வெயில்ல நிக்காதீங்க மேடம். நாற்காலி போடச் சொல்றேன்."

சுடர்விழி திரும்பிப் பார்த்தாள். பாத்திரக்கடைக்காரர் இர்பான் அவளிடம்தான் சொன்னார். இதுவரை யாரும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. பூம்புகாரில் அவள், படகுக்குப் பேர் எழுதுற பொண்ணு.

நாற்காலி வந்தது. பின்னாலேயே ஒரு குடையும் வந்தது.

தஞ்சாவூருக்கு வந்து இரண்டாவது நாள். அவள் ஊரில் கிழக்கு எது என்று யாரும் கேட்பதில்லை. கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. இங்கே எந்தத் தெருவின் கோடிக்குப் போனாலும் இன்னொரு தெருதான் இருந்தது. முதல் நாள் நான்கு முறை வழி தவறினாள். நான்கு முறையும் சந்தோஷமாகத் தவறினாள். ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அதிலேயே திரும்பினாள். நான்காவது முறை தவறி வந்து நின்ற இடம் இந்தத் தெரு.

இருபத்தைந்து கடைகள். ஒரு கடையும் தன் சுவருக்குள் அடங்கவில்லை. வாசலில் படிகள், படிகளின் மேல் அண்டாக்கள், அதற்கும் மேலே தகரக் கூரை, கூரையிலிருந்து தொங்கும் வாளிகள். வாளிகளின் அடியில் வெயில் வட்டம் வட்டமாக விழுந்தது. இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

புதிதாக விடுதி திறக்கப்போகும் வைத்தியலிங்கம் வரவேற்பறைக்கு ஒரு படம் கேட்டிருந்தார். ஊரில் ஏதாவது ஒரு தெரு, உள்ளபடியே. வியாழக்கிழமை அவரே வந்து படத்தையும் தெருவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒத்துப்போனால் பன்னிரண்டு அறைகளுக்கும் அவளே வரையலாம், ஒரு வருடம் இந்த ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மதியப் பேருந்தில் பூம்புகார்.

சுடர்விழி டேப்பையும் நோட்டையும் எடுத்தாள். படகில் அளக்காமல் எழுதத் தொடங்கினால் கடைசி எழுத்துக்கு இடம் இருக்காது. அந்தப் பழக்கம். இர்பான் ஓடிவந்து, தன் கடைப்படியின் ஓரத்தில் டேப்பின் மறுமுனையைத் தானே குனிந்து பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு மேடம் வருது?"

"நாலரை அடி."

"நாலுன்னு போட்டுக்கலாமே."

"இல்லீங்க. அரை அடியை விட்டா அழகே போயிடும்."

இர்பான் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

எதிர்ப் பலகாரக் கடை பஞ்சநதம் வாழையிலையில் அசோகா அல்வா கொடுத்தனுப்பினார். மூன்று கடைகளிலிருந்து மூன்று காபி வந்தது. வேண்டாம் என்று அவள் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மாலையில் அக்கா வானதியைப் போனில் கூப்பிட்டாள். நகரத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான்.

"முகமா? அல்வா குடுக்குறாங்கக்கா. நான் நடந்தா முன்னால ஓடிப்போயி வழியில கிடக்குற வாளியை எடுக்குறாங்க."

"ஏண்டி அப்படி?"

"இங்க கலைக்கு அவ்வளவு மரியாதை போல."

வானதி அந்த ஊரில் தனக்கும் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் தெரு முழுவதும் அவளைத் தெரிந்திருந்தது. தங்கள் கடை நோட்டில் ஏறிவிட்டதா என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். யாரையும் விடவில்லை என்று அவள் தைரியம் சொன்னாள். பஞ்சநதம் மட்டும், தன்னுடையது சின்னக் கடை, விட்டுவிடலாமே என்று இழுத்தார். எவ்வளவு அடக்கம் என்று அவளுக்கு மனம் இளகிவிட்டது.

"சின்னது பெருசுன்னு நான் பார்க்குறதில்லீங்க. எல்லாரும் ஒண்ணுதான்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆள் என்று பஞ்சநதம் பக்கத்துக் கடையில் சொன்னது காதில் விழுந்தது. சுடர்விழிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எப்ப மேடம் முடியும்?" என்றார் இர்பான்.

"நாளைக்குக் காலையில பெரியவரே நேர்ல வர்றாரு. நான் குறிச்சது சரியான்னு பார்ப்பாரு. பார்த்ததும் முடிவுதான்."

"புரிஞ்சுது மேடம்."

அன்று மாலையே படத்தை முடித்தாள். முப்பத்தொரு வாளிகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

வியாழக்கிழமை வைத்தியலிங்கம் காரில் வந்து இறங்கினார். தெருமுனையிலேயே படத்தை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். வாளிக்கடியில் வெயில் விழுவதைக்கூட விடவில்லையே என்றார். பன்னிரண்டு அறைகளும் தன் கைக்கு வந்துவிட்டதாகவே சுடர்விழிக்குப் பட்டது. குதிக்காத குறையாக முன்னால் நடந்து, தெருவுக்குள் திரும்பினாள்.

நின்றாள்.

ஒரு லாரி தாராளமாகப் போகும் அளவுக்கு அகலமாக இருந்தது தெரு. படி இல்லை. கூரை இல்லை. ஒரு வாளி இல்லை. இருபக்கமும் வெறும் சுவர், உடைத்த செங்கல், தூசி.

வைத்தியலிங்கம் படத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"இது எந்த ஊரும்மா?"

அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதற்குள், கையில் கடப்பாரையும் தலையெல்லாம் சிமெண்டுத் தூசியுமாக இர்பான் ஓடிவந்தார். பின்னால் பஞ்சநதம். அவருக்குப் பின்னால் தெருவே வந்து நின்றது. இர்பான் வைத்தியலிங்கத்தின் முன்னால் கைகட்டி நின்று, மூச்சு வாங்கச் சொன்னார்:

"மேடம் அளந்த ஆக்கிரமிப்பு அத்தனையும் நாங்களே இடிச்சுட்டோம், கமிஷனர் சார். இனிமே பொக்லைன் அனுப்ப வேண்டியதில்லீங்க."