வேலைக்கு உத்தரவாதம்

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பொய் சொல்லாதடா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்" என்றார் முதலாளி.

ஆலோசகனுக்குத் தலை சுற்றியது. அது மருத்துவ பில்லிங் சொல்லித் தரும் பயிற்சி நிலையம். படியேறி வருகிறவர்களை எப்படியாவது பேசிச் சேர்த்துவிடுவதுதான் அவன் உத்தியோகம். பொய் சொல்லாமல் அதை எப்படிச் செய்வது என்று அவனுக்கு இதுவரை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"காலையில ஒரு போன். பேர் சொல்லல, நம்ம மேல அக்கறை உள்ளவங்களாம். உரிமம் குடுக்கற ஆபீஸ்லேருந்து ஒரு அதிகாரி மாறுவேஷத்துல வரப்போறாங்களாம். படிக்க வந்தவங்க மாதிரியே பேசுவாங்களாம். இங்க எது இருக்கு, எது இல்லங்கறது பிரச்சினை இல்லையாம். பொய் சொல்லி ஆள் சேர்க்கறோமான்னுதான் பார்ப்பாங்களாம். மாட்டினா கடைக்குப் பூட்டு. நீயும் நானும் நடுத்தெருவுல!"

ஆலோசகனுக்கு ஏற்கெனவே இரண்டு வேலைகள் கையைவிட்டுப் போயிருந்தன. இதுவும் போனால் கைக்குழந்தையோடு மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். மாமனார் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பார்க்கிற பார்வையே போதும்.

அன்று முதலில் வந்தவர் தண்ணீர் கேன் போடுகிறவர். எதற்கும் இருக்கட்டும் என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, "சொல்லுங்க சார்" என்றான். அவர் காலி கேனை எடுத்துக்கொண்டு, இவனை ஒரு மாதிரியாகப் பார்த்தபடியே படியிறங்கிப் போனார்.

அடுத்து வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கைப்பிடி பிய்ந்த பை, தேய்ந்த செருப்பு. வேஷம் கச்சிதம்தான். ஆனால் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிட்டது.

"படிச்சு முடிச்சதும் குடுக்கற சர்டிபிகேட், வெளியில பரீட்சை எழுதி வாங்கறதா, இல்ல நீங்களே அச்சடிக்கறதா?"

இங்கே சேர வந்த யாரும் இதுவரை கேட்காத கேள்வி. ஆள் இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

"நாங்களே அச்சடிக்கறதுதான் மேடம். கீழ இருக்கற கடையில" என்றான். உண்மை பேசுவது வாய்க்குப் புது ருசியாக இருந்தது.

"அதை எடுத்துட்டுப் போனா ஆஸ்பத்திரியில மதிப்பாங்களா?"

"சிரிக்காம இருந்தாலே பெரிய விஷயம்."

"பாடம் எடுக்கறவர் ஆஸ்பத்திரி பில்லிங்ல வேலை பார்த்தவரா?"

"முதலாளியோட மச்சான் மேடம். குடல்வால் ஆபரேஷனுக்குப் படுத்தப்போ பில் கட்டியிருக்கார். அந்த அனுபவந்தான்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி இருமினார். 'பேஷ்' என்கிறாரா, 'போதும்' என்கிறாரா என்று தெரியவில்லை.

"எந்த வியாதிக்கு என்ன குறியீடு போடறது, இன்சூரன்ஸ்காரங்க திருப்பி அனுப்பின பில்லை எப்படிச் சரி பண்றது, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சு பழக விடுவீங்களா?"

"ஆறு கம்ப்யூட்டர் இருக்கு. நாலு ஓடாது. ஓடற ரெண்டுல ஒண்ணுல மச்சான் சீட்டாடுவார்."

அவள் சுவரைப் பார்த்தாள். 'எங்களால் உயர்ந்தவர்கள்' என்ற எழுத்துகளுக்குக் கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள்.

"இவங்கள்ல யாராவது ஒருத்தர் நம்பர் குடுங்க. பேசிப் பார்க்கறேன்."

"யார்னே தெரியாது மேடம். அதெல்லாம் ஸ்டூடியோவுல எடுத்துட்டு வாங்காம விட்டுட்டுப் போன போட்டோ."

"அப்போ வாசல்ல 'வேலைக்கு உத்தரவாதம்'னு போர்டு போட்டிருக்கே? இங்க படிச்ச யாருக்குத்தான் வேலை கிடைச்சுது?"

"எனக்கு மேடம்" என்றான் ஆலோசகன். "நானும் இங்க ஏமாந்து சேர்ந்தவன்தான். வேற எங்கயும் எடுக்கல. கடைசியில இவங்களே இந்த நாற்காலியில உட்கார வெச்சுட்டாங்க."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிட்டிருந்தார் சார். கண்ணு மங்கிப்போச்சு, இனிமே வண்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. தையல் மெஷினை வித்துட்டு வந்திருக்கேன். ஒரே ஒரு தடவைதான் பணம் கட்ட முடியும். தப்பான இடத்துல கட்டிட்டா நாங்க எந்திரிக்கவே முடியாது."

கண்ணில் நீர் கோத்திருந்தது. என்ன நடிப்பு! ஆலோசகன் மனசுக்குள் கை தட்டினான். அந்த ஆபீசில் இதற்கென்றே தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது. அதுவாவது நல்ல பயிற்சி.

"கடைசியா ஒண்ணு. உங்க கூடப்பொறந்த தங்கச்சின்னா இங்க சேர்ப்பீங்களா?"

'கண்ணை மூடிட்டுச் சேர்ப்பேன்' என்று பழக்க தோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாமனாரின் பார்வையை நினைத்துக்கொண்டு விழுங்கினான்.

"மாட்டேன் மேடம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு பயிற்சி நிலையம் இருக்கு. ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்களே சொல்லித் தர்றாங்களாம். அங்கதான் சேர்ப்பேன்."

"ரொம்ப நன்றி சார்" என்று கும்பிட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

முதலாளி ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "மானத்தைக் கப்பலேத்தினாலும் உரிமத்தைக் காப்பாத்திட்டடா! ஓடு, கூடவே போய் மரியாதையா கார்ல ஏத்திவிட்டு வா."

ஆலோசகன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். தெருவில் கார் எதுவும் இல்லை. பஸ் நிறுத்தத்து நிழலில் அவனுக்கு முதுகைக் காட்டியபடி அவள் போன் பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க அவள் பின்னால் போய் நின்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கற பயிற்சி நிலையந்தானே சார்? என் பேர் வேண்டாம், உங்க மேல அக்கறை உள்ளவங்கன்னு வெச்சுக்கங்க. இன்னிக்கு மத்தியானம் உங்க இடத்துக்கு மாறுவேஷத்துல ஒரு அதிகாரி வரப்போறாங்க..."