ரெண்டு அடி குறையுது

"அப்பாவை முன் வரிசையில உட்கார வைக்கணும். நேரா என் முகத்துக்கு எதிரே" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா வம்பு? பாதியில எழுந்து போயிடுவார்" என்றான் தம்பி.

"போனா போகட்டும். அவர் கண்ணு முன்னாடி ஜெயிக்கணும்டா. தகரத்தைத் தட்டறேன்னு என்னைச் சொன்னவர் இல்ல? ஊரே கைதட்டறதைக் கேட்கட்டும்."

அக்கா பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவள், சாயங்காலமானால் டிரம்ஸில் உட்கார்ந்து வீட்டார் வாயை அடைத்துவிடுவாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். கிட்டாரும் பாட்டும் அவன் பொறுப்பு. அக்காவின் கணவர் பேஸ் கிட்டார். கல்யாணமான புதிதில் கற்றுக்கொண்டார், வேறு வழியில்லாமல்.

மறுநாள் பழைய ராக் பாட்டுப் போட்டி. அக்காவும் தம்பியும் ஒரே ஒரு ராக் கேசட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதில் ஒரு பாட்டு என்றால் இருவருக்கும் உயிர். ஐம்பது வயதில் மேடையேறி அதைத்தான் வாசிக்கப் போகிறார்கள்.

ஒத்திகை முடிந்ததும், அறையை வாடகைக்கு விட்டவர் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் வாசிக்கறீங்க. ஆனா கிட்டார் சோலோ முடியற இடத்துல, தாளத்துல ரெண்டு அடி குறையுது. எட்டு வரணும், நீங்க ஆறுலயே தாவிடறீங்க."

"பாட்டே அப்படித்தான் சார்" என்றான் தம்பி.

அவர் போனில் பாட்டைப் போட்டுக் காட்டினார். எட்டுதான்.

"அடப்பாவி! போன்ல வர்றது வேற ரெக்கார்டிங்னு இல்ல இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தோம்!" என்றான் தம்பி.

அக்காவுக்கு முகம் கறுத்தது. "கேசட்டுல வெட்டுப்பட்ட இடம்டா அது."

அப்பாவுக்கு அந்தக் காலத்தில் அச்சகத்தில் இரவு வேலை. பிள்ளைகள் பாட்டுப் போட்டால் போதும், "என்ன காட்டுக் கத்தல் இது? நிறுத்துங்க!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்துவார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், ஆபீஸிலிருந்து முன்பே வந்துவிட்ட அம்மா அடுக்களையில்; மேஜை மேல் கத்தரிக்கோல். பக்கத்தில் அந்த கேசட், நாடாவில் ஒட்டுப் போட்டபடி. அறுத்தவர் அப்பா, ஒட்டியவர் அம்மா. விசாரணை எதுவும் நடக்கவில்லை; தீர்ப்பு மட்டும் அன்றைக்கே எழுதியாகிவிட்டது. அம்மா காலமான பிறகும் அது மாறவில்லை.

"சரியா வாசிச்சுப் பழகிடலாம்க்கா."

முயன்று பார்த்தார்கள். மூளை எட்டு என்றது, கை ஆறில் தாவியது. அக்காவின் கணவர் மட்டும் ஒழுங்காக எட்டு வாசித்து, தனியாக மாட்டிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டார்.

"விடுங்க" என்றாள் அக்கா. "அறுத்தவர் முன்னாடி அறுந்த மாதிரியே வாசிப்போம். தோத்தாலும் அவருக்கு உறைக்கட்டும்."

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் அப்பா. முகம் கல் மாதிரி இருந்தது.

பாட்டு கிளம்பியது. கூட்டத்துக்கு வரிக்கு வரி மனப்பாடம், கூடவே பாடியது. கிட்டார் சோலோவில் தம்பியின் விரல்கள் பறந்தன. அக்கா அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாலு... அஞ்சு... ஆறு. தாவினார்கள்.

கூட்டம் மொத்தமும் எட்டுக்குக் காத்திருந்து தடுமாறியது. அதே நொடியில் ஒரே ஒருவர் கை மட்டும் தன் தொடையில் பளாரென்று விழுந்தது. மிகச் சரியாக, அவர்கள் தாவிய இடத்தில்.

அப்பாவின் கை.

அக்காவுக்கு ஒரு கணம் ஸ்டிக் நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அடித்த அடியில் மண்டபமே எழுந்து நின்றது.

முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

"எல்லாரும் பழைய பாட்டைப் பழைய மாதிரியே வாசிச்சாங்க. நீங்க அந்த ரெண்டு அடியைத் தூக்கினீங்க பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது! உங்க சொந்தக் கற்பனையா?" என்று கேட்டார் நடுவர்.

"ஆமா சார்" என்றான் தம்பி, கொஞ்சமும் கூசாமல்.

காரில் திரும்பும்போது கோப்பை அப்பாவின் மடியில் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, அவரே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "அப்பா, அந்த இடத்துல எப்படிச் சரியாத் தட்டினீங்க?"

"சும்மா... கை பட்டுது."

"பொய் சொல்லாதீங்கப்பா. அந்த வெட்டு, கேசட்டைக் கேட்டுக் கேட்டு ஊறினவங்களுக்குத்தான் தெரியும். நீங்க அதை அறுத்துப் போட்டவர்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எங்க அறுத்தேன்? பிளேயருக்குள்ள நாடா சிக்கிக் கசங்கிடுச்சு. கசங்கினதை மட்டும் வெட்டி எடுத்துட்டு, கண்ணு வலிக்க வலிக்க உட்கார்ந்து ஒட்டினேன்."

"நீங்களா ஒட்டினீங்க? அம்மான்னு இல்ல..."

"நல்ல பேரு உங்கம்மாவுக்கே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் கணவர்தான் கேட்டார். "பிள்ளைங்க ஸ்கூல்ல, அத்தை ஆபீஸ்ல. அப்போ பாட்டு போட்டது யாரு மாமா?"

அப்பா கோப்பையைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நான்தான் மாப்பிள்ளை. இதுங்க கிளம்பினதும் தினமும் போட்டுடுவேன். அந்த கிட்டார் வர்ற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பி..."

"அடக் கடவுளே! அப்புறம் எங்களை மட்டும் ஏம்பா நிறுத்து நிறுத்துன்னு கத்தினீங்க?"

"பின்னே? நீங்க வேற போட்டா, நாடா தேஞ்சு போயிடாதா?"