வெள்ளைக் கண் காகம்

பால்கனியில் நின்றால் திமிங்கிலம் தெரியும். ஆஸ்திரேலியக் கடலோரத்தில் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்க்க வந்த அப்பா, இரண்டு வாரமாக அதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தார். கூழைக்கடாக்களுக்கு வணக்கம்கூட வைத்தார். அம்மாவின் முதல் திதியன்று மட்டும் அவருக்குக் காகம் வேண்டியிருந்தது.

கைப்பிடிச் சுவரில் தட்டோடு சோற்றை வைத்ததும் கடற்புறாக்கள் வந்தன. “சூ! உனக்கில்ல” என்று துண்டை வீசி விரட்டினார். பிறகு வெள்ளைக் கண்ணோடு ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. குழந்தை அழுவதுபோல் கத்தியது. சோற்றைத் தொடவில்லை.

“அவளுக்கு ஏதோ குறை இருக்கு. வாக்குக் குடுடா திலீபா.”

“இந்த ஊர்க் காக்காய்க்குத் தமிழ் தெரியுமாப்பா?”

“உங்கம்மாவுக்குத் தெரியும்.”

“அப்பாவ நல்லாப் பாத்துக்குறேம்மா” என்றேன். காகம் சிறகைக் கோதியது. “கல்யாணம் பண்ணிக்கிறேன்.” அதற்கும் அசையவில்லை. அம்மா கடைசிவரை ஃபோனில் கேட்டது, எப்படா ஊருக்கு வருவே என்றுதான். “சரி, படிப்பு முடிஞ்சதும் வந்துடறேம்மா.”

காகம் இரண்டடி பின்னால் போனது.

அப்பா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் தனியாகத் திரும்புகிறார். “உண்மையச் சொல்லுடா. சோறு காயுது” என்றார்.

“வரமாட்டேம்மா.”

காகம் தத்தி வந்து ஒரு பருக்கை விடாமல் தின்றது.

தூரத்தில் ஒரு திமிங்கிலம் நீரைப் பீய்ச்சியது. “அப்பா, அங்க பாருங்க” என்றேன். அவர் காலித் தட்டை எடுத்துக்கொண்டு, “வா, இனி நாம சாப்பிடலாம்” என்றார்.